பித்தளைப் பட்டையும் பெயர்ப் பெருமையும்

பிறக்கும் குழந்தை பெயரோடு பிறப்பதில்லை. அழுதுகொண்டே வருகிறது, ஆடையின்றி வருகிறது, தான் ஆண்டையா, அடிமையா என்பதை அறியாமலே வருகிறது. பிறகுதான் பிறர் கூடுகின்றனர், பெயர் சூட்டுகின்றனர். தான் கேட்டுப் பெறாத ஒன்றை, தேடிச் சேர்க்காத ஒன்றை, தன்னுடையது என்று அன்று முதல் சுமக்கத் தொடங்குகிறான் மனிதன். சுமப்பதோடு நின்றானா? இல்லை! அந்தப் பெயரிலே பெருமை தேடுகிறான். என் பெயர் பழம்பெயர், என் குடி பெருங்குடி, ஆகவே நான் உயர்ந்தோன் என்று மார் தட்டுகிறான். எதிரே நிற்பவனின் பெயரைக் கேட்டதும், அவன் அமர வேண்டிய இடத்தை அளந்து காட்டுகிறான்.

பெயரின் பழமை, அதைத் தாங்குவோனுக்குப் பெருமை தருமா? பெயருக்குள்ளே இரத்தம் ஓடுகிறதா? அந்த இரத்தம் தூய்மையானது என்பதற்குச் சான்று தரும் ஆற்றல், நான்கெழுத்துக்கும் ஐந்தெழுத்துக்கும் உண்டா?

எளிய கேள்விகள்தாம். ஆனால், இவற்றுக்குத் தவறான விடை கண்டவர்கள் நாடாண்ட காலங்களில், மற்றவர் கழுத்திலே பட்டை ஏறியது. ஆகவே ஆராய்வோம். ஆராய்வதற்கு ஒரே ஒரு பெயர் போதும் — செட்ரிக்!

ஆங்கிலேயர் தம் ஆண்பிள்ளைகளுக்கு இடும் பெயர்களிலே அதுவும் ஒன்று. ஜான், வில்லியம், ஜார்ஜ் என்பன போலத் தெருவுக்குத் தெரு ஒலிக்கும் பெயரன்று. எப்போதோ ஒருமுறை காதில் விழும் பெயர். விழும்போதே, பழைய மாளிகையின் வாடையும் சாக்சன் குடிப் பெருமையின் ஓசையும் உடன் வரும். அந்த வாடையும் ஓசையும் எங்கிருந்து வந்தன?

ஏட்டிலிருந்து! அதுவும் ஒரு கதை ஏட்டிலிருந்து!

★

1819-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள். ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்ட்டர் ஸ்காட், தம் பெயரை மறைத்து 'ஐவன்ஹோ' என்னும் புதினத்தை வெளியிட்டார். கதை நடக்கும் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதி. சிலுவைப் போருக்குச் சென்ற ரிச்சர்டு மன்னன் நாடு திரும்பும் வேளை. 1066-இல் ஹேஸ்டிங்ஸ் களத்தில் சாக்சன் மன்னன் ஹெரால்டு வீழ்ந்தான்; நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தனர். நிலம் போயிற்று; நீதிமன்றம் போயிற்று; அரண்மனையிலே தாய்மொழி போயிற்று. எஞ்சி நின்ற சாக்சன் பெருங்குடியினரில் ஒருவனாக, ராதர்வுட் மாளிகையின் தலைவனாக, ஸ்காட் படைத்துக் காட்டிய பாத்திரமே செட்ரிக்.

வீரன், விருந்தோம்புவோன், வெகுளி மிக்கோன். நார்மன் பிரபுக்கள் தன் வீட்டுக்கு வந்தபோதும், அவர்களது பிரெஞ்சு மொழியில் பேச மறுத்துத் தன் மொழியிலேயே பேசியவன். இதுவரை அவன்மீது நமக்கு மதிப்பே பிறக்கிறது. ஆனால், அவனுக்கு மற்றொரு நோன்பும் இருந்தது. சாக்சன் அரச குருதி ஓடாத எவரையும் எதிர்கொள்ளத் தன் மேடையிலிருந்து மூன்றடிக்கு மேல் எடுத்து வைப்பதில்லை என்பது அந்த நோன்பு. வந்தவன் நல்லவனா, கெட்டவனா. அறிஞனா, அறிவிலியா என்பதன்று கணக்கு. குருதி எது? அதுதான் கணக்கு!

பெற்ற மகனையே விரட்டினான். நார்மன் மன்னனோடு மகன் போருக்குப் போனது ஒரு குற்றம். வளர்ப்பு மகள் ரொவீனாவைக் காதலித்தது அதைவிடப் பெரிய குற்றம். அரச குருதி வாய்ந்த ரொவீனாவை, அரச குருதி வாய்ந்த ஆதெல்ஸ்டனுக்கு மணமுடித்துச் சாக்சன் அரசை மீட்பது செட்ரிக்கின் திட்டம். அந்த ஆதெல்ஸ்டனோ, அரசைக் காட்டிலும் அடுத்த வேளைச் சோற்றிலே நாட்டம் மிகுந்தவன்! எனினும் என்ன? குருதி இருக்கிறதே!

இந்தச் செட்ரிக்கைப் படித்த ஆங்கிலேயர், இது சாக்சன் காலத்துத் தொன்மைப் பெயர் என்றே எண்ணினர். எண்ணிப் பிள்ளைகளுக்கும் சூட்டினர். ஆனால், சாக்சன் கால ஏடுகளைப் புரட்டினால் செட்ரிக் என்னும் பெயர் கிடைப்பதில்லை. கிடைக்கும் பெயர் செர்டிக்!

செர்டிக் — செட்ரிக். தமிழ் எழுத்திலே எழுதிப் பார்த்தாலே கண்ணுக்குத் தெரிகிறது, நடந்தது என்னவென்று. ரகரமும் டகரமும் இடம் மாறிவிட்டன. ஸ்காட்டின் நினைவு தடுமாறியதால் எழுந்த வடிவமே இது என்பது பெயராராய்ச்சியாளர் பலரின் கருத்து. தொன்மைக்குச் சான்று என்று தோளில் தூக்கிவைக்கப்பட்ட பெயர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேனாமுனையிலே புரண்டு பிறந்த பெயர்!

★

சரி, பேனா பிறழ்ந்தது, போகட்டும். மூலப் பெயரான செர்டிக்காவது தூய சாக்சன் பெயர்தானே என்று கேட்கலாம். அங்கேதான் இருக்கிறது இந்த வரலாற்றின் சுவை.

செர்டிக் என்பவன், வெஸ்ஸெக்ஸ் அரசின் முதல்வனாகப் போற்றப்படுபவன். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்புகள் என்னும் பழைய ஏடு, அவன் 495-இல் தன் மகனுடன் ஐந்து கலங்களில் பிரிட்டனில் வந்திறங்கினான் என்றும், 519-இல் அரசேற்றான் என்றும், 534-இல் மறைந்தான் என்றும் கூறுகிறது. அந்த ஏடு தொகுக்கப்பட்டதோ ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆல்பிரெடு மன்னன் காலத்தில். நடந்ததாகச் சொல்லப்படுவதற்கும் எழுதப்பட்டதற்கும் இடையே முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல்! ஆல்பிரெடு, தன்னைச் செர்டிக்கின் வழிவந்தோன் என்று கூறிக்கொண்ட மன்னன். அவன் காலத்து ஏடு செர்டிக்கின் புகழ் பாடியதிலே வியப்பென்ன?

வழிமுறைப் பட்டியலும் வரைந்தனர். செர்டிக்கிலிருந்து மேலே ஏறி, ஓடன் என்னும் தெய்வத்திடம் போய் நின்றது முதற்பட்டியல். மன்னன் தெய்வத்தின் பேரனாகிவிட்டான்! பிறகு நாட்டிலே கிறித்தவம் பரவிற்று. பழைய தெய்வத்துக்கு மதிப்புக் குறைந்தது. பட்டியலைக் கிழித்தெறிந்தனரா? இல்லை, நீட்டினர்! ஓடனுக்கும் முன்னோர் சிலரைச் சேர்த்து, அவர்களுள் ஒருவன் நோவாவின் பேழையிலே பிறந்தான் என்று எழுதி, அங்கிருந்து ஆதாம் வரையில் கொண்டுபோய்ச் சேர்த்தனர். 855-ஆம் ஆண்டுக் குறிப்பில் அந்தப் பட்டியலை இன்றும் காணலாம். ஆதாம்தான் எல்லோருக்கும் தந்தை என்றால், மன்னனுக்கு மட்டும் அது எப்படித் தனிப்பெருமை ஆகும்? பன்றி மேய்ப்பவனும் அதே ஆதாமின் பிள்ளைதானே! இந்தக் கேள்வியைப் பட்டியல் எழுதியவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பட்டியலே எழுதியிருக்க மாட்டார்.

இனி, பெயருக்கு வருவோம். செர்டிக் என்பது சாக்சன் மொழிச் சொல்லன்று. சாக்சன்கள் எவரை வென்று எவர் நிலத்தைப் பிடித்தனரோ, அந்தப் பிரிட்டானியரின் மொழிச் சொல் என்பதே மொழியறிஞர் பெரும்பாலோரின் முடிவு. வேல்ஸ் நாட்டில் இன்றும் வழங்கும் செரெடிக், கரடோக் என்னும் பெயர்களோடு உறவுடையது. ரோமப் படையை எதிர்த்து நின்று, காட்டிக்கொடுக்கப்பட்டு, கி.பி. 51-இல் விலங்கோடு ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட பிரிட்டானியத் தலைவன் கரடாக்கசின் பெயரும் அதே வேரில் கிளைத்தது. 731-இல் தம் வரலாற்று நூலை முடித்த பீட் என்னும் துறவி, எல்மெட் நாட்டை ஆண்ட பிரிட்டானிய மன்னன் ஒருவனைச் செர்டிக் என்றே குறிக்கிறார். பிரிட்டானியரின் வரலாறு கூறும் ஒன்பதாம் நூற்றாண்டு ஏடு ஒன்றிலோ, செரெடிக் என்னும் பெயர் தாங்கியவன் ஒரு மொழிபெயர்ப்பாளன். பிரிட்டானிய மன்னனுக்கும் சாக்சன்களுக்கும் இடையே நின்று இருமொழி பேசியவன்.

அந்த வேர்ச்சொல்லின் பொருள் என்ன? அன்பு! வேல்ஸ் மொழியிலே கரு என்றால் அன்பு செய்தல். கரியட் என்றால் காதல்.

எண்ணிப் பாருங்கள். மூன்றடிக்கு மேல் நகர மாட்டேன் என்று முறைத்து நின்ற சாக்சன் பெருமைக்கு, ஸ்காட் தேர்ந்தெடுத்த பெயர், சாக்சன்கள் எவரை அயலார் என்றனரோ அவருடைய பெயர்! அயலார் என்று நான் சும்மா கூறவில்லை. வேல்ஸ் என்று நாம் சொல்லும் நாட்டுப் பெயரே, அயலான் என்று பொருள்படும் சாக்சன் சொல்லிலிருந்து வந்தது. கலமேறி வந்தவன், முன்பே அங்கிருந்தவனைப் பார்த்து அயலான் என்றான்! அத்தோடும் நிற்கவில்லை. அதே சொல், நாளடைவில் அடிமை என்னும் பொருளையும் பெற்றது. ஆனால், அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் கம்ரி. ஒரே மண்ணின் மக்கள் என்பது அதன் பொருள். வென்றவன் இட்ட பெயர் இழிவு பேசிற்று. தாமே வைத்துக்கொண்ட பெயர் தோழமை பேசிற்று. உலகம் எந்தப் பெயரை வழங்குகிறது? வென்றவன் இட்டதை!

பெயர் வெறும் ஓசை என்போர் இதற்கு விடை கூறட்டும்.

★

இப்போது பட்டைக்கு வருவோம்.

ஐவன்ஹோ கதையின் தொடக்கத்திலே இருவர் வருகின்றனர். ஒருவன் கர்த், பன்றி மேய்ப்பவன். மற்றவன் வாம்பா, கோமாளி. கர்த்தின் கழுத்தில் பித்தளைப் பட்டை. நாய்க்குப் போடும் பட்டை போன்றது. ஆனால் கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்டது. அதிலே, இவன் இன்னான் மகன், ராதர்வுட் செட்ரிக்கின் பிறவி அடிமை என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. வாம்பாவுக்கும் பட்டை உண்டு, அது வெள்ளி. வெள்ளியானால் என்ன, பித்தளையானால் என்ன? பட்டை பட்டைதானே!

அந்த இருவரும் காட்டிலே பேசிக்கொள்கின்றனர். பன்றி உயிரோடு சேற்றிலே புரளும்போது அதற்குச் சாக்சன் பெயர்: 'ஸ்வைன்'. அறுத்துச் சமைத்துப் பிரபுவின் தட்டுக்குப் போனதும் நார்மன் பெயர்: 'போர்க்'. மேய்க்கும் வரையில் 'ஆக்ஸ்', விருந்தில் 'பீஃப்'. உழைக்கும் இடத்திலெல்லாம் உழைப்பவன் மொழி. உண்ணும் இடத்திலெல்லாம் ஆள்பவன் மொழி! இந்த உண்மையைக் கோமாளி எடுத்துச் சொல்ல, அடிமை ஆமென்கிறான். மாளிகையிலே அமர்ந்து மரபு பேசும் செட்ரிக்கின் வாயிலிருந்து இது வரவில்லை. கழுத்திலே பட்டை உள்ளவனுக்குத்தான் கண் தெளிவாகத் தெரிந்தது!

நார்மன் எங்களை நசுக்குகிறான் என்று நாள்தோறும் குமுறும் செட்ரிக்கின் பெயர், அவன் காலடியிலே கிடக்கும் இருவரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறது. தன் கழுத்தின் நுகத்தடியை உணர்ந்தவன், தன் பெயர் பொறித்த பட்டையை உணரவில்லை. அவனை நாம் என்ன என்று அழைப்பது? விடுதலை வீரன் என்றா? வீழ்ந்துவிட்ட ஆண்டை என்றா?

இது கதைதானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1701-இல், ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில், திருட்டுக் குற்றத்துக்காகச் சாவுத் தண்டனைக்கு உரியவனான அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் என்பவனை, நீதிபதிகள் ஒரு செல்வருக்கு நிரந்தர ஊழியனாக வழங்கினர். அவனுக்காகச் செய்யப்பட்ட பித்தளைப் பட்டை, பெயர்களும் நாளும் பொறித்தபடியே, எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் சுரங்கத்தோடு சட்டத்தால் பிணிக்கப்பட்டிருந்தனர். 1775-இல் ஒரு சட்டம், 1799-இல் ஒரு சட்டம் — இரண்டும் வந்த பிறகே அவர்கள் தளை முற்றும் அறுந்தது. ஸ்காட் பிறந்தது 1771. ஆகவே, கழுத்துப் பட்டை அவருக்குத் தொல்பழங்காலச் செய்தியன்று. தம் நாட்டின் நேற்றைய செய்தி. ஐவன்ஹோ வெளிவந்தபோதோ, பிரிட்டனின் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. அதை ஒழிக்கும் சட்டம் 1833-இல்தான் வந்தது.

மற்றொரு சான்றும் உண்டு. இரண்டாம் ஹென்றி மன்னனின் பொருளாளர் ரிச்சர்டு, 1179-ஐ ஒட்டி எழுதிய கருவூல நூலிலே கூறுகிறார்: ஆங்கிலேயரும் நார்மன்களும் மணஉறவால் கலந்துவிட்டதால், யார் எந்த இனம் என்று பிரித்தறிவது அரிது என்று! கூறிவிட்டு, இது உரிமைபெற்ற குடிமக்களைப் பற்றிய பேச்சு, நிலத்தோடு பிணைக்கப்பட்டோரைப் பற்றியதன்று என்று வரம்பும் கட்டுகிறார். மேட்டுக்குடியில் குருதிகள் கலந்துவிட்டன. கலக்காமல் நின்றது ஒன்றே ஒன்று — உடையவனுக்கும் உழைப்பவனுக்கும் இடையே இருந்த கோடு! குருதித் தூய்மை என்று பேசப்படுவது எந்தக் கோட்டைக் காப்பதற்கு என்பது, அந்த ஒரு வரம்பிலே வெளியாகிவிடுகிறது.

★

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தலைநிமிரப் பெருமை தேவையில்லையா? பறிகொடுத்தவனிடம் பழம்பெருமையும் பேசாதே என்றால், அவன் எதைப் பற்றிக்கொண்டு எழுவான்? செட்ரிக்கின் சாக்சன் வெறியைப் பழிப்பது, நார்மனுக்குத் துணைபோவது ஆகாதா?

வலிமையான மறுப்பு. ஆகவே, விடையும் தெளிவாக இருத்தல் வேண்டும்.

செட்ரிக்கிடம் இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, மொழியின்மேல், மற்றொன்று, குருதியின்மேல். மொழிப் பெருமை, கர்த்துக்கும் உரியது, வாம்பாவுக்கும் உரியது. செட்ரிக் பேசும் அதே மொழியைத்தான் அவர்களும் பேசினர். அந்தப் பெருமைக்காகப் போராடினால், மாளிகையும் மாட்டுக் கொட்டிலும் ஒரே அணியிலே நிற்கலாம். அயலான் வந்து கற்றுக்கொண்டாலும் மொழி குறைந்துபோவதில்லை, வளரும். குருதிப் பெருமையின் இயல்பு வேறு. அதற்கு எப்போதும் ஒரு தாழ்ந்தவன் தேவை. கீழே ஒருவன் இல்லாவிட்டால் மேலே இருப்பதாக அது உணர முடியாது. நார்மனிடம் தோற்ற பிறகும் செட்ரிக் தன்னை உயர்ந்தோன் என்று நம்புவதற்கு, கர்த்தின் கழுத்துப் பட்டை அவனுக்குத் தேவைப்பட்டது!

உரிமைக்குக் குருதி துணையென்று நம்புகிறவன், குருதியாலேயே தோற்பான். நானும் அரச வழியினன், ஆகவே எனக்கு உரிமை வேண்டும் என்று வாதாடுவோனை நோக்கி, அப்படியானால் அரச வழியில் வராதவனுக்கு உரிமை வேண்டாமா என்று கேட்டால், அவன் வாயடைத்துப் போவான். நான் மனிதன், ஆகவே எனக்கு உரிமை வேண்டும் என்பவனை வாயடைக்கச் செய்ய எந்த நார்மனாலும் முடியாது.

கதையும் இதையே காட்டுகிறது. பகைவரின் கோட்டையிலே செட்ரிக் சிறைப்பட்டபோது, அரச குருதியா வந்து மீட்டது? துறவி உடையிலே உள்ளே நுழைந்து, அந்த உடையைத் தலைவனுக்கு அணிவித்து வெளியே அனுப்பிவிட்டு, சாவதற்குத் தான் அமர்ந்துகொண்டவன், வெள்ளிப் பட்டை பூண்ட கோமாளி வாம்பா! மீண்டபின் செட்ரிக், என்ன பரிசு வேண்டும் என்றான். தனக்கென எதுவும் கேளாமல், ஓடிப்போன குற்றத்துக்காகக் கர்த்தை மன்னிக்கும்படி கேட்டான் அந்தக் கோமாளி. மன்னித்ததோடு விடுதலையும் அளித்தான் செட்ரிக், நிலமும் வழங்கினான். விடுதலை என்ற சொல் காதில் விழுந்ததும் கர்த் முதலில் தேடியது எதை? நிலத்தையா? இல்லை, கொல்லனையும் அரத்தையும்! முதலில் கழுத்திலிருந்து அந்தப் பெயர் அறுபட வேண்டும், மற்றவை பிறகு!

★

பித்தளைப் பட்டையைப் பார்த்தோம். சரிகைப் பட்டை ஒன்றும் இருக்கிறது.

ஐவன்ஹோ வெளிவந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் என்னும் எழுத்தாளர், 'லிட்டில் லார்டு பாண்டில்ராய்' என்னும் கதையை எழுதினார். 1885 முதல் திங்களிதழில் தொடராக வந்து, 1886-இல் நூலாயிற்று. கதைத் தலைவன், நியூயார்க்கில் வாழும் ஏழு வயதுச் சிறுவன். பெயர் செட்ரிக். மளிகைக் கடைக்காரரும், காலணிக்கு மெருகேற்றும் இளைஞனும் அவனுக்கு உற்ற நண்பர். திடீரென ஒருநாள், இங்கிலாந்திலே அவன் ஒரு பிரபுவின் வாரிசு என்ற செய்தி வருகிறது. தாத்தாவான பிரபு கல்நெஞ்சர். சிறுவனின் தாய் சாமானியப் பெண் என்பதால், அவளை ஏறெடுத்தும் பாராதவர். ஆனால், அந்தக் கல்நெஞ்சைக் கரைத்த சிறுவனின் நற்பண்பு எங்கிருந்து வந்தது? பிரபுவின் குருதியிலிருந்தா? இல்லை, பிரபு இகழ்ந்த அந்தத் தாயின் வளர்ப்பிலிருந்து!

கதையின் கருத்து அதுவாயிருக்க, ஊரார் பிடித்துக்கொண்டது எதை? கறுப்பு வெல்வெட்டுச் சட்டை, கழுத்திலே அகன்ற சரிகைப் பட்டை, தோளிலே புரளும் சுருள்முடி! அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தாய்மார், தங்கள் பிள்ளைகளை அந்தக் கோலத்திலே நிறுத்தினர். அச்சிறுவன் பாத்திரத்துக்கு மாதிரியாக அமைந்தவர், எழுத்தாளரின் மகன் விவியன். 1876-இல் பிறந்த அவர், வளர்ந்து ஆளான பிறகும் அந்தச் சரிகைச் சிறுவனாகவே அறியப்பட்டார். 1937-இல், கவிழ்ந்த படகொன்றிலிருந்து மனிதர்களை மீட்க உதவிய பின்னர், தம் படகிலேயே உயிர் நீத்தார். உயிர் காத்த நாளிலும் ஏடுகள் அவரை நினைவுகூர்ந்தது கதைச் சிறுவனின் பெயரால்தான். அடிமைக்குப் பித்தளை, அருமை மகனுக்குச் சரிகை. இரண்டையும் பூட்டியவர் பிறர்!

அப்படியானால் பெயரே வேண்டாமா? பெயரைத் துறந்து எண்ணைச் சுமப்பதா? அதுவன்று வழி. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த பிரடெரிக் பெய்லி என்பவர், 1838-இல் தப்பியோடி விடுதலை மண்ணை அடைந்தார். பிடிபடாதிருக்கப் புதுப் பெயர் தேவைப்பட்டது. அடைக்கலம் தந்த நண்பர் அப்போதுதான் ஒரு கவிதை நூலைப் படித்திருந்தார்; அதன் பாத்திரம் ஒன்றின் பெயரைச் சூட்டினார் — டக்ளஸ்! அந்த நூலை எழுதியவர் வேறு யாருமல்லர், அதே வால்ட்டர் ஸ்காட்! தம் முதற்பெயரான பிரடெரிக்கை மட்டும் விட்டுத்தர மறுத்து, புதியதை விரும்பி ஏற்றார் அவர். பிரடெரிக் டக்ளஸ் என்னும் அந்தப் பெயர், அடிமைமுறையை அதிரவைத்த பெயராயிற்று. அதே காலத்தில், தென்மாநிலப் பண்ணையார்கள் ஸ்காட்டின் புதினங்களைப் படித்துப் படித்துத் தங்களைக் குதிரை வீரப் பிரபுக்களாகக் கற்பனை செய்துகொண்டிருந்தனர். அந்த மயக்கத்தை மார்க் ட்வைன் 1883-இல் எழுதிய நூலிலே கடுமையாகச் சாடினார். ஒரே எழுத்தாளரின் ஏடு ஆண்டைக்கு மயக்கம் ஊட்டிற்று. அடிமைக்குப் பெயர் தந்தது. வேறுபாடு ஏட்டிலா இருந்தது? எடுத்துக்கொண்ட கையிலே இருந்தது!

★

இனி, செட்ரிக் என்னும் பெயரைத் தாங்கியோர் சிலரைக் காண்போம்.

சரிகைச் சிறுவன் கதை வந்த இருபதாண்டுக்குள் பிறந்தோர் முதலில். 1889-இல் வேல்ஸ் நாட்டில் பிறந்த செட்ரிக் மாரிஸ், ஓவியர். ஓவியப் பள்ளி நடத்தியவர். ஐரிஸ் மலரிலே புதுப்புது வகைகளை விளைவித்தவர். பெயரின் வேர் எந்த மண்ணிலிருந்து புறப்பட்டதோ, அந்த மண்ணுக்கே அது திரும்பிற்று! 1890-இல் பிறந்த செட்ரிக் கிப்பன்ஸ், ஹாலிவுட்டின் கலை இயக்குநர்; ஆஸ்கார் சிலையை வடிவமைத்தவர் என்று போற்றப்படுபவர்; அந்தச் சிலையைப் பதினொரு முறை தாமே பெற்றவர். 1893-இல் பிறந்த செட்ரிக் ஹார்டுவிக், இங்கிலாந்தின் புகழ்பெற்ற நடிகர். 1904-இல் இலண்டனில் பிறந்த செட்ரிக் பெல்ஃபிரேஜ், இடதுசாரி இதழாளர். 1948-இல் அமெரிக்காவிலே 'நேஷனல் கார்டியன்' ஏட்டைத் தோழர்களோடு தொடங்கி, மெக்கார்த்தியக் கெடுபிடிக் காலத்தில் சிறை வைக்கப்பட்டு, 1955-இல் நாடு கடத்தப்பட்டார்.

இவர்களைக் காட்டிலும் நம் கருத்தைக் கவர்வோர் இருவர்.

ஒருவர் செட்ரிக் டோவர். 1904-இல் கல்கத்தாவில், ஐரோப்பிய-இந்தியக் கலப்புக் குடியிலே பிறந்தவர். உயிரியல் பயின்றவர். வெள்ளையர் தம்மவர் என்று ஏற்காமலும், மற்றவர் தம்மவர் என்று ஏற்காமலும் இடையே நிறுத்தப்பட்ட மக்களின் வேதனையை உணர்ந்தவர். 1937-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலுக்குப் பெயர் 'ஹாஃப் காஸ்ட்'. கலப்புக் குருதியினரை இழிவு செய்ய வழங்கிய வசைச்சொல்லையே எடுத்து நூலின் நெற்றியிலே பொறித்தார்! தூய இனம் என்று ஒன்று உலகில் இல்லை; கலப்பு இழிவன்று, மாந்தர் வரலாறே கலப்பின் வரலாறுதான் என்று அறிவியல் துணைகொண்டு வாதிட்டார். இட்லரின் இனவெறி ஜெர்மனியில் ஆட்சி நடத்திய காலம் அது. அமெரிக்க நீக்ரோக்களின் கலையைப் பற்றி 1960-இல் நூல் வெளியிட்டு, அடுத்த ஆண்டே மறைந்தார்.

மற்றவர் செட்ரிக் ராபின்சன். 1940-இல் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் பிறந்த கறுப்பின அறிஞர், பேராசிரியர், 2016-இல் மறைந்தார். 1983-இல் அவர் எழுதிய 'பிளாக் மார்க்சிசம்' என்னும் நூல், முதலாளித்துவமும் இனவெறியும் சேர்ந்தே வளர்ந்தவை என்று நிறுவ முனைந்தது. ஆப்பிரிக்கனைக் காண்பதற்கு முன்பே, ஐரோப்பா தன் மக்களையே இனம் பிரித்து இழிவு செய்யக் கற்றிருந்தது; ஸ்லாவ் இனத்தாரின் பெயரே அடிமைக்கு ஐரோப்பிய மொழிகளில் சொல்லாயிற்று என்பன போன்ற உண்மைகளைத் திரட்டி வைத்தார். வேல்ஸ் மக்களை அயலார் என்றும் அடிமை என்றும் அழைத்த சாக்சன் சொல்லை மேலே கண்டோமே, அதையும் இதனோடு பொருத்திப் பாருங்கள்!

இதைவிடச் சிறந்த தீர்ப்பை வரலாறு எழுத முடியுமா? குருதித் தூய்மைக்காக மகனையே விரட்டிய செட்ரிக்கின் பெயரைத் தாங்கி, தூய குருதி என்பது பொய் என்று நூல் எழுதினார் ஒருவர். அடிமையின் கழுத்தில் தன் பெயரைப் பொறித்த செட்ரிக்கின் பெயரைத் தாங்கி, அடிமைமுறையின் ஆணிவேரையே அகழ்ந்தெடுத்தார் மற்றொருவர். பெயர் எதிர்க்கவில்லை, என் மரபு கெட்டது என்று கூச்சலிடவில்லை. பெயருக்கு மரபு தெரியாது. தாங்குவோன் எதைச் செய்கிறானோ, அதுவே அதன் பொருள்.

பிரிட்டானியன் அன்பு என்ற பொருளிலே வைத்தான். சாக்சன் அரசன் அதைத் தன் பட்டியலின் தலையிலே ஏற்றினான். ஸ்காட் எழுத்தைப் புரட்டினார். கதைச் செட்ரிக் பட்டையிலே பொறித்தான். பர்னெட் சரிகை கட்டினார். டோவரும் ராபின்சனும் அதற்கு மானம் தேடித் தந்தனர். இவர்களிலே யாருடையது அந்தப் பெயர்? முதலில் வைத்தவனுடையதா? ஆண்டவனுடையதா? இல்லை. அதை நேர்மையோடு தாங்கிய ஒவ்வொருவருடையதும்!

இளைஞர்களே! உங்கள் பெயர் எத்தனை நூற்றாண்டுப் பழமை உடையது என்று யாரேனும் கேட்டால், தெரிந்தால் கூறுங்கள், தெரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள். ஆனால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எவர் கழுத்திலாவது பட்டை பூட்டியிருக்கிறோமா என்ற கேள்வியை மட்டும் பிறர் கேட்கும் வரையில் காத்திராதீர்கள், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நம்மை மிதிப்பவனை எதிர்த்து எழுவது வீரம். எழும்போது நம் காலடியிலே எவரேனும் கிடக்கின்றனரா என்று குனிந்து பார்ப்பது அறம். கர்த் கேட்ட அரம், ஆண்டையின் மாளிகையிலிருந்து வர வேண்டும் என்று காத்திருக்கும் காலம் மலையேறிவிட்டது. இன்று அது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அதற்குப் பெயர் அறிவு!